கரண்ட் போனாத்தான் அப்பாவோட ரேடியோ ஒழுங்கா பேசுது. என்ன செய்யலாம்?

டயல்மகள்:

வணக்கம். சிரிக்காம படிங்க. எங்க வீட்டுல கரண்ட் போனா சந்தோஷப்படுற ஒரே ஆள் எங்க அப்பா. நாங்க எல்லாரும் டார்ச்சைத் தேடிட்டு இருப்போம், அவர் இருட்டுல தலைமாட்டுக்குக் கையை நீட்டி ரேடியோவைத் திருகுவார். அந்த நேரத்துலதான் அது ரேடியோ மாதிரி பேசும். கரண்ட் திரும்ப வந்த அடுத்த நொடி "ர்ர்ர்ர்"னு ஒரு இரைச்சல், அதுக்கு அடியில எங்கேயோ ஆழத்துல செய்தி வாசிக்கிற குரல்.

அப்பாவுக்கு 79 வயசு. கண் பார்வை பாதிக்கு மேல போயிடுச்சு. மீடியம் வேவும் ஷார்ட் வேவும்தான் அவருக்கு ராத்திரித் துணை. மூணு வருஷம் முன்னாடி வரைக்கும் பிரச்சினையே இல்ல. அப்புறம்தான் வீட்டுல எல்லா பல்பையும் எல்இடியா மாத்தினோம், டிவி புதுசு, நெட் கனெக்ஷன், தண்ணி சுத்தம் பண்ற மெஷின்னு ஒண்ணொண்ணா வந்துச்சு. ரேடியோ கெட்டுப்போச்சுன்னு நினைச்சு இதுவரைக்கும் ரெண்டு ரேடியோ மாத்தியாச்சு. மூணாவதும் அதே "ர்ர்ர்"தான். பேட்டரியில போட்டாலும், அடாப்டர்ல போட்டாலும் ஒண்ணுதான்.

எனக்கு டிவி மேலதான் சந்தேகம். ஆனா அதை அணைச்சாலும் சத்தம் போகல. எப்எம் மட்டும் சுத்தமா கேட்குது, அது ஏன்னும் புரியல. இன்னொரு ரேடியோ வாங்கலாமா, இல்ல வேற ஏதாவது வாங்கி மாட்டணுமா? எனக்கு எலக்ட்ரானிக்ஸ் சுத்தமா தெரியாது. ஸ்க்ரூ டிரைவர் பிடிக்கத் தெரியும், அவ்வளவுதான்.


மேகத்துல_கேள்:

மேடம், இந்தக் காலத்துல எதுக்கு இந்தத் தொல்லை? எல்லா ஸ்டேஷனும் ஆன்லைன்ல வருது. ஒரு ஸ்மார்ட் ஸ்பீக்கர் வாங்கிக் கொடுங்க, வாயால சொன்னா பாடும்.


டயல்மகள்:

வாங்கிக் கொடுத்தேன் சார். ஒரு வாரம் அதோட சண்டை போட்டுட்டு, டவலைப் போட்டு மூடி வெச்சிட்டார். அவர் ரேடியோ கேட்கிற விதம் வேற. டயலை இடது கோடிக்குத் தள்ளுவார், அங்கிருந்து ஒரு சுத்து, அப்புறம் கால் சுத்து, "இது இங்க இருக்கணும்"பார். இருக்கும். பார்வை இருந்த காலத்துல கூட அந்த முள்ளை அவர் பார்த்ததில்லைன்னு அம்மா சொல்வாங்க. விரலுக்குத் தெரிஞ்ச ஊர் அது, அதுல போய் வழி கேட்கச் சொன்னா எப்படி?


பழையபெஞ்ச்:

தங்கச்சி, முதல்ல ஒண்ணு. நாலாவது ரேடியோ வாங்காதீங்க. முப்பது வருஷம் ரேடியோ ரிப்பேர் பெஞ்சுல உட்கார்ந்தவன் சொல்றேன், உங்க ரேடியோ நல்லா இருக்கு. கரண்ட் போனா நல்லா கேட்குதுன்னு சொன்னீங்களே, பாதி வைத்தியம் அதுலயே முடிஞ்சுது. ரேடியோ சரி, ஸ்டேஷனும் வந்து சேருது, நடுவுல எதுவோ கத்துது.

ஆனா கரண்ட் போனா உங்க வீட்டுக்கு மட்டுமா போகுது? பக்கத்து வீட்டுக்கும்தான். அதனால கத்துறது உங்க வீடா, அடுத்த வீடான்னு அதை வெச்சு சொல்ல முடியாது. இப்படிச் செய்யுங்க. ரேடியோவுல பேட்டரியைப் போடுங்க, அடாப்டரைக் கழட்டி தூர வைங்க. மீடியம் வேவ்ல ஸ்டேஷன் இல்லாத, இரைச்சல் மட்டும் வர்ற ஒரு இடத்துல நிறுத்துங்க. தெருவுல எல்லாருக்கும் கரண்ட் இருக்கும்போது உங்க வீட்டு மெயினை மட்டும் இறக்குங்க. இன்வெர்ட்டர், யூபிஎஸ் இருந்தா அதையும் அணைக்கணும், மறந்துடாதீங்க. மெயினை இறக்கியும் அது பாட்டுக்கு ஒரு சர்க்யூட்டுக்கு கரண்ட் கொடுத்துட்டு இருக்கும், நாம ஏமாந்து போவோம். நானே ஏமாந்திருக்கேன், அதுவும் சொந்த வீட்டுல.

சத்தம் போச்சுன்னா திருடன் உள்ளேதான். எம்சிபி எல்லாத்தையும், அதாவது மெயின் போர்டுல ஒவ்வொரு லைனுக்கும் இருக்கிற சின்ன சுவிட்சுகளை, இறக்கி வெச்சு, மெயினை ஏத்திட்டு ஒண்ணொண்ணா ஏத்துங்க. எதை ஏத்தினா சத்தம் வருதோ அந்த லைன்ல இருக்கிற எல்லா பிளக்கையும் பிடுங்குங்க. சுவிட்சை அணைச்சா மட்டும் போதாது, பிடுங்கணும். அப்புறம் ஒவ்வொண்ணா சொருகுங்க. எதுவும் வாங்க வேண்டாம், எதையும் கழட்ட வேண்டாம். முக்கியமா, எந்த அடாப்டரையும் திறந்து பார்க்காதீங்க. 230 வோல்ட் லைன்ல வேலை செய்யற அடாப்டருக்குள்ள மின்சாரத்தைத் தேக்கி வைக்கிற பெரிய கெப்பாசிட்டர்ல 325 வோல்ட் வரைக்கும் இருக்கும், பிளக்கைப் பிடுங்கின பிறகும் கொஞ்ச நேரம் நிக்கும்.

எப்எம் கேள்விக்கு: மீடியம் வேவ், ஷார்ட் வேவ் ரெண்டும் ஏஎம். அலையோட உயரம் ஏறி இறங்குறதைத்தான் ரேடியோ குரலா மாத்துது. இரைச்சலும் உயரத்துலதான் வந்து ஒட்டும், ரேடியோவுக்கு ரெண்டும் ஒண்ணு. எப்எம்ல குரல் இருக்கிறது அலைவரிசை அசையறதுல. உயரத்தை அது வெட்டித் தள்ளிடும். போதாக்குறைக்கு எப்எம் இருக்கிறது 88 மெகாஹெர்ட்ஸுக்கு மேல, சார்ஜர் இரைச்சல் அங்க ஏறுறதுக்குள்ள மூச்சு வாங்கிடும்.


புதுஅடாப்டர்:

கிளிப் மாதிரி மாட்டுற ஃபெரைட் மணி (ஒயர்ல வர்ற இரைச்சலைத் தடுக்கிற ஒரு காந்தப் பொருள்) கிடைக்குது. கேபிள் மேல வெச்சு டக்குனு மூடினா முடிஞ்சுது. டிவி ஒயர்ல ஒண்ணு மாட்டிப் பாருங்க.


ஆன்டெனாவாசி:

மேலே சொன்ன நண்பரை மறுக்க வேண்டியிருக்கிறது. ஒயர் ஒரே ஒரு தடவை நுழைந்து போகும் கிளிப், மீடியம் வேவ் இரைச்சலுக்குக் கிட்டத்தட்ட எதுவும் செய்யாது. நூற்றுக்கணக்கான மெகாஹெர்ட்ஸில் அது நன்றாக வேலை செய்யும். மீடியம் வேவ் ஒரு மெகாஹெர்ட்ஸுக்கு இந்தப் பக்கம் பாதி, அந்தப் பக்கம் பாதி. அங்கே ஃபெரைட்டின் தடை மிகக் குறைவு. அதைக் கூட்ட ஒரே வழி, ஒயரைப் பல சுற்று சுற்றுவது. தடை சுற்றின் இருமடிக்கு ஏற்ப ஏறும். 3 சுற்று என்றால் 9 மடங்கு, 10 சுற்று என்றால் 100 மடங்கு. ஆகவே பெரிய ஃபெரைட் வளையம் வாங்கி, பிளக்கோடு சேர்ந்த ஒயரை 8, 10 தடவை அதற்குள் நுழைத்து எடுங்கள். போகும் கம்பியும் வரும் கம்பியும் சேர்ந்தே நுழைய வேண்டும், ஒன்றை மட்டும் பிரித்துச் சுற்றக் கூடாது. வளையம் இரைச்சல் போடும் பெட்டிக்குப் பக்கத்தில் இருக்க வேண்டும், ரேடியோவுக்குப் பக்கத்தில் அல்ல. கடையில் "31" என்ற ஃபெரைட் கலவை கேளுங்கள். ஷார்ட் வேவுக்கு அது நல்ல பொதுத் தேர்வு, மீடியம் வேவிலும் சுற்று கூடினால் உதவும். "43" இன்னும் மேலே உள்ள அலைவரிசைகளுக்கு.

ஆனால் பழையபெஞ்ச் ஐயா சொன்னதுதான் முதல் வேலை. யார் என்று தெரியாமல் வளையம் வாங்குவது, எந்தப் பல் வலிக்கிறது என்று தெரியாமல் பிடுங்குவது மாதிரி.

தேடும்போது காதையும் பயன்படுத்துங்கள். விளக்கின் வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் டிம்மர் என்றால் டயல் முழுக்க ஒரே மாதிரி "ஜ்ஜ்ஜ்". தளர்ந்த பிளக் என்றால் சடசட, ஒழுங்கே இருக்காது. இண்டக்ஷன் அடுப்பு குறைந்த சூட்டில் வைத்தால் விட்டு விட்டுக் கத்தும். மின் ஒயரிலேயே நெட் அனுப்பும் கருவிகள் இருந்தால் 2 முதல் 30 மெகாஹெர்ட்ஸ் வரை, அதாவது ஷார்ட் வேவ் முழுக்க, டிக்டிக்கென்று நிரப்பிவிடும். அடாப்டர் என்றால் டயலில் மேடு மேடாக வரும், ஒரு மேட்டுக்கும் அடுத்த மேட்டுக்கும் ஒரே இடைவெளி. எண் காட்டும் ரேடியோ யாரிடமாவது இருந்தால் வாங்கி, மேடு வரும் இடங்களைக் குறித்து இங்கே போடுங்கள்.


டயல்மகள்:

ஞாயிற்றுக்கிழமை முழுக்க இதே வேலை. வீட்டுல யாருக்கும் என் மேல பிரியம் இல்ல இப்போ. ஃப்ரிட்ஜ் மூணு தடவை அணைஞ்சுது, பையனோட கேம் பாதியில போச்சு. அப்பா மட்டும் கட்டில்ல உட்கார்ந்துகிட்டு "இன்னும் இருக்கு… இன்னும் இருக்கு… போச்சு!"னு கமெண்டரி சொன்னார். என்னை விட அவர் காதுதான் மீட்டர். எனக்கு ரெண்டும் ஒரே மாதிரி கேட்கிற இடத்துல கூட "குறைஞ்சிருக்கு"ன்னார், திரும்ப மாத்திப் பார்த்தா சரியாத்தான் இருக்கும்.

மெயினை இறக்கினதும் சத்தம் நின்னுடுச்சு. நாலாவது எம்சிபி, ஹால் லைன். டிவியைப் பிடுங்கினேன், சத்தம் இருந்துச்சு. ஹால் பல்பு எல்லாத்தையும் அணைச்சேன், இருந்துச்சு. கடைசியில ஷோகேஸ் பின்னாடி தூசியோட கிடந்த நெட் ரவுட்டரோட சின்ன கருப்பு அடாப்டர். பிடுங்கின உடனே உள் ரூம்ல இருந்து அப்பா கத்தினார், "கரண்ட் போச்சா?"

பக்கத்து வீட்டுத் தம்பிகிட்ட எண் காட்டுற ரேடியோ வாங்கி, அடாப்டரை மறுபடி சொருகிட்டு எழுதினேன்: 585, 650, 715, 780, 845. அதுக்கு மேலயும் போகுது. ஆன்டெனாவாசி சார், இதுல உங்களுக்கு ஏதாவது தெரியுதா?

இன்னொரு விஷயம். ஷோகேஸும் அப்பா கட்டில் தலைமாடும் ஒரே சுவரோட ரெண்டு பக்கம். இத்தனை நாள் இது தோணவே இல்ல.


ஆன்டெனாவாசி:

தெரிகிறது, நன்றாகவே தெரிகிறது. இடைவெளி 65 கிலோஹெர்ட்ஸ். 585 என்பது 65-இன் 9 மடங்கு, 650 பத்து, 715 பதினொன்று. உங்கள் அடாப்டர் ஒரு நொடிக்கு 65,000 தடவை மின்சாரத்தை வெட்டி வெட்டி விடுகிறது, நீங்கள் கேட்டது 65-இன் மடங்குகளில் வரும் அந்த வெட்டின் எதிரொலிகள். வீட்டு அடாப்டர்களில் அடிக்கடி பார்க்கும் எண் இது. ஒயர் வழியாக வெளியேறும் இரைச்சலுக்கு சிஸ்பர் என்ற பன்னாட்டுக் குழு வகுத்த வரம்புகள் இந்த மாதிரி பொருட்களுக்கு 150 கிலோஹெர்ட்ஸில் தொடங்குகின்றன. 65-இன் இரண்டு மடங்கு 130. அடிப்படையும் முதல் எதிரொலியும், அதாவது மிகப் பலமான இரண்டும், அளக்கும் இடத்துக்குக் கீழேயே தங்கிவிடும். கெட்டிக்காரத்தனம்தான். வானொலி இடையூறுகளுக்கென்றே உள்ள அந்தக் குழு 1934-இலேயே தொடங்கியது. ரேடியோ கேட்பவர்களின் புலம்பலுக்கு அவ்வளவு வயது.

நல்ல அடாப்டரில் மின்சாரம் நுழையும் இடத்திலேயே ஒரு சோக்கும் (இரைச்சலைத் தடுக்கும் கம்பிச் சுருள்) ஒரு எக்ஸ் வகைக் கெப்பாசிட்டரும் (மின் லைனுக்குக் குறுக்கே வைப்பது) இருக்கும், 195-இலிருந்து மேலே வரும் எதிரொலிகளை அங்கேயே அமுக்கிவிடும். மலிவானதில் போர்டில் அவற்றுக்கான துளைகள் மட்டும் இருக்கும். சோக் இருக்க வேண்டிய இடத்தில் இரண்டு துண்டுக் கம்பி.


பழையபெஞ்ச்:

தங்கச்சி, சுவரைக் கண்டுபிடிச்சீங்க பாருங்க, அதுதான் பெரிய விஷயம். ரேடியோவைத் தலைமாட்டுல இருந்து எடுத்து ஜன்னல் பக்கம் வைங்க. சின்னப் பெட்டியில இருந்து வர்ற காந்தப் புலம் தூரத்தோட மும்மடிக்குக் குறையும், தூரத்தை ரெட்டிப்பாக்கினா எட்டுல ஒரு பங்கு. ஒயர் வழியா பரவுறது அவ்வளவு சீக்கிரம் குறையாது, ஆனாலும் பலன் இருக்கும்.

அங்க வெச்சதும் ரேடியோவை அப்படியே மெதுவா சுத்திப் பாருங்க. மீடியம் வேவ் வாங்குறது உள்ளே படுத்திருக்கிற ஃபெரைட் கம்பி, மேல நீட்டுற ஏரியல் இல்ல. அந்தக் கம்பியோட முனை எந்தத் திசையைப் பார்க்குதோ அங்கிருந்து வர்றது அதுக்குக் கேட்காது. ஒரு இடத்துல இரைச்சல் பொசுக்குனு விழும். வேணும்கிற ஸ்டேஷன் வேற திசையில இருந்தா அதிர்ஷ்டம். வீட்டுக்குள்ள ஒயரெல்லாம் ஏரியல் மாதிரி வேலை செய்யறதால இது சில நேரம் குழப்பும், விட்டுடாம நாலு இடத்துல வெச்சுப் பாருங்க. ஷார்ட் வேவுக்கு இந்த வித்தை பெரும்பாலும் பலிக்காது, அது நீட்டுற ஏரியல்ல வாங்குறது.

அடாப்டரை மாத்துறதுன்னா, அதே வோல்ட், அதே ஆம்பியர் அல்லது அதுக்கு மேல, பிளக்கோட பிளஸ் மைனஸ் திசையும் அதே. யாராவது "பழைய டிரான்ஸ்ஃபார்மர் அடாப்டர் போடுங்க, இரைச்சலே வராது"ன்னு சொல்வாங்க. இரைச்சல் வராதுதான். ஆனா வோல்ட்டை நிலையா வெச்சிருக்கிற ரெகுலேட்டர் இல்லாத வகைன்னா மேல 12 வோல்ட்னு எழுதியிருக்கும், லோடு கம்மியா இருந்தா 16 வரைக்கும் கூட போகும். ரவுட்டர் செத்தா அப்புறம் உங்க பையன் என்னைத் தேடி வருவான்.


டயல்மகள்:

பத்து நாள் கழிச்சு எழுதறேன்.

ரவுட்டருக்கு ஃபில்டர் உள்ள அடாப்டர் மாத்தியாச்சு. வளையமும் வாங்கி ஒயரை 9 சுத்து சுத்தினேன். பத்தாவது போகல, பிளக் பெருசு. 585-ல இப்போ கொஞ்சம் மூச்சு விடுற சத்தம்தான். ரெண்டு நாள் அப்பா பேசவே இல்ல, ரேடியோதான் பேசுச்சு.

மூணாவது நாள் ராத்திரி, "மறுபடி வந்துடுச்சு". இது வேற சத்தம், "ஊஊஊ"ன்னு மெலிசா. பத்து பதினஞ்சு நிமிஷம் இருக்கும், தானா நிக்கும். அப்புறம் எப்பவாவது வரும். நான் போய்க் கேட்கிறதுக்குள்ள நின்னுடும், அப்பாவுக்குக் கோபம், நான் நம்பலைன்னு. ஒரு நோட்டு வெச்சு நேரத்தைக் குறிச்சேன். காலையில ஆறரை, மத்தியானம் ஒண்ணரை, ராத்திரி ஒன்பது. நாலு நாள் பட்டியலைப் பார்த்தும் புரியல. அம்மாதான் சமையலறையில இருந்து எட்டிப் பார்த்துட்டு, "அது நான் குடம் பிடிக்கிற நேரம்டி"ன்னாங்க.

தண்ணி மெஷின். தண்ணி பிடிச்சதும் உள்ளே தொட்டி குறையும், பம்பு ஓடும், நிறைஞ்சா நின்னுடும். அதோட 24 வோல்ட் அடாப்டர்தான் ஆள். இது இத்தனை நாளும் கத்திட்டுதான் இருந்திருக்கும், ரவுட்டர் போட்ட கூச்சல்ல கேட்கல. அதுக்கும் ஒரு வளையம், 8 சுத்து. முழுசா போகல. ராத்திரி ஒன்பது மணிக்கு பதிலா எட்டரைக்கே குடத்தைப் பிடிச்சுடறாங்க அம்மா. எந்த ஃபில்டரையும் விட அது நல்லா வேலை செய்யுது.

ரேடியோ ஜன்னல் பக்கம் போகக் கூடாதுன்னுட்டார் அப்பா, கை எட்டலையாம். அதனால கட்டிலையே ஜன்னல் பக்கம் திருப்பிட்டோம். மீடியம் வேவ் பிரச்சினை எனக்குத் தெரிஞ்சு முடிஞ்சுது. ஷார்ட் வேவ்தான் இன்னும் பாதி பாதி, மெயினை இறக்கினா கூட கொஞ்சம் இரைச்சல் மிச்சம் இருக்கு, சாயங்காலம் ஆனா கூடுது.


ஆன்டெனாவாசி:

மெயினை இறக்கியும் இருப்பது வெளியிலிருந்து வருவது. அதை வீட்டுக்குள்ளிருந்து சரிசெய்ய முடியாது, ஆனால் ஏரியலை வீட்டை விட்டு நகர்த்தலாம். ரேடியோவில் வெளி ஏரியல் துளை இருக்கிறதா பாருங்கள். இருந்தால், மேல் உறை உள்ள ஒரு 7, 8 மீட்டர் கம்பியைச் சுவரிலிருந்து தள்ளி, மரத்துக்கோ கம்பத்துக்கோ கட்டுங்கள். மின்கம்பத்தில் வேண்டாம், மின்கம்பிக்கு அருகிலும் வேண்டாம். அங்கிருந்து ரேடியோ வரை கோஆக்ஸ் கேபிளில் (நடுக் கம்பியைச் சுற்றி உலோக வலை உறை உள்ளது, கேபிள் டிவிக்கு வருவது போல) கொண்டுவாருங்கள். வெறும் கம்பியாகவே ஜன்னல் வழியாக உள்ளே இழுத்தால் வீட்டு இரைச்சலையும் அள்ளிக்கொண்டு வரும். அந்தக் கேபிளையும் ரேடியோவுக்கு முன்னால் அதே வளையத்தில் ஏழெட்டுச் சுற்று சுற்றுங்கள். இடி மின்னல் நேரத்தில் கழற்றி வெளியே போட்டுவிட வேண்டும், இதை அப்பாவிடமும் சொல்லி வையுங்கள்.


டயல்மகள்:

துளை இருக்கு சார், பின்னாடி, ரப்பர் மூடி போட்டு. இத்தனை வருஷமா அது எதுக்குன்னே தெரியாது. கொல்லையில ஒரு மரம் இருக்கு, மின்கம்பி அந்தப் பக்கம் இல்ல. வர்ற ஞாயிறு பையன் ஏறுறேன்னு சொல்லியிருக்கான், கேமுக்குப் பழி வாங்க மாட்டேன்னு சத்தியமும் பண்ணியிருக்கான். கட்டிட்டு எழுதறேன்.